காசில் யார் முகம்?

பிராங்கு மன்னர் சார்லமேன் 1,200 ஆண்டுகளுக்கு முன்பே, ரோமச் சக்கரவர்த்திபோல் தலையில் இலைமாலை சூடி, வெள்ளிக்காசில் தன் முகத்தைப் பதித்துக்கொண்டார். எங்கள் மைசூர்ப் புலி திப்பு சுல்தானுக்கு மட்டும் என்ன கூச்சம்?
(வாசகர், மாதேஸ்வரன் மலை)

முகமா? அவர் தன் பெயரையே போட்டுக்கொள்ளவில்லையே! வெள்ளி ரூபாய்க்கு 'இமாமி', இரட்டை ரூபாய்க்கு 'ஹைதரி' என்று பெயர் வைத்தார். இரண்டிலும் இருப்பது எழுத்து மட்டும்தான். செப்புக்காசைப் புரட்டிப் பாருங்கள்: புலி அச்சடித்தது யானையை!

அப்பா ஹைதர் அலி செய்தது இன்னும் பெரிது. ஆட்சி தன் கைக்கு வந்த பிறகும் பொன் வராகனில் சிவன், பார்வதி உருவத்தை அப்படியே விட்டுவைத்தார். பின்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் வராகனிலும் சிவனும் பார்வதியும்தான்.