தொப்பி திணித்த இன்ஜினும் இரும்புப் பைத்தியமும்

1769. ஸ்காட்லாந்தில் கின்னீல் மாளிகைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினுக்குள் பழைய தொப்பியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

தொப்பி மட்டுமில்லை. தக்கை, எண்ணெயில் முக்கிய கந்தல், சணல், காகிதம் என்று வீட்டில் எதையெல்லாம் குப்பைக்குப் போட வேண்டுமோ அதெல்லாம் பிஸ்டனைச் சுற்றி ஏறியது. ஆனாலும் நீராவி புஸ்ஸென்று பக்கவாட்டில் தப்பித்துப் போய்க்கொண்டேயிருந்தது. உலை வைத்தாயிற்று, பானைதான் ஓட்டை என்கிற கதை.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னது வேறு. சின்னப் பையன் வாட் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான், கெட்டில் மூடி குதித்தது, உடனே தொழிற்புரட்சி வந்துவிட்டது. பாவம், அந்தக் கெட்டில் குதிப்பதற்கு வெகுமுன்னால், வாட் பிறக்கவே 24 வருஷம் இருக்கையில், 1712-லேயே தாமஸ் நியூகமன் நீராவி இன்ஜின் செய்து சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். வாட் செய்தது ரிப்பேர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நியூகமன் மாடல் ஒன்று பழுதாகிக் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தவர், ‘இது சாப்பிடுவதில் முக்கால்வாசி வீண்’ என்று கண்டுகொண்டார். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைச் சுடவைத்து, குளிரவைத்து, மறுபடி சுடவைத்து... நீராவியைத் தனியாக இன்னொரு பாத்திரத்தில் குளிரவைத்தால் சிலிண்டர் சூடாகவே இருக்குமே என்று 1765-ல் தோன்றியது. அருமையான யோசனை. யோசனையோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், நியூகமன் சிலிண்டர் எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிஸ்டன் தலையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிவைத்தால் சந்து அடைந்துவிடும். வாட் அதைச் செய்ய முடியாது. தண்ணீர் பட்டால் சிலிண்டர் குளிரும், சிலிண்டர் குளிர்ந்தால் அவருடைய மொத்தக் கண்டுபிடிப்பும் குளிர்ந்துபோகும். ஆக, அவருக்கு வேண்டியது ஒரு நல்ல ஓட்டை. மேலிருந்து கீழ்வரை ஒரே வட்டமாக, ஒரே நேராக. 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ராஜா இருந்தார், கப்பற்படை இருந்தது. நல்ல ஓட்டை மட்டும் இல்லை.

கேரன் இரும்பாலையில் ஜான் ஸ்மீட்டன் என்ற பெரிய என்ஜினியர் துளை குடையும் எந்திரம் ஒன்றை அப்போதுதான் நிறுவியிருந்தார். அங்கே குடைந்த சிலிண்டர் ஒன்றைப் பற்றி வாட் புலம்பியிருக்கிறார்: நீள விட்டத்துக்கும் குறுக்கு விட்டத்துக்கும் 3/8 அங்குலம் வித்தியாசமாம். நம்மூர் பட்டறைக் கணக்கில் மூணு நூல். அந்தச் சந்தில் பல்லி குடும்பமே நடத்தலாம். வாட்டின் இன்ஜினைப் பார்த்த ஸ்மீட்டனே, இவ்வளவு துல்லியமாக இதைச் செய்ய இந்த உலகத்தில் கருவியும் கிடையாது, ஆளும் கிடையாது என்று கை விரித்துவிட்டார். வாட்டுக்கு வாய்த்திருந்த ஒரே நல்ல தகரக்காரரும் செத்துப்போனார். கண்டுபிடிப்பதைவிட முட்டாள்தனமான காரியம் வாழ்க்கையில் வேறில்லை என்கிற மாதிரி நண்பருக்குக் கடிதம் எழுதினார் வாட். பணம் போட்ட ரோபக் 1773-ல் திவால். அவரிடமிருந்த பங்கு பர்மிங்காம் முதலாளி மேத்யூ போல்டன் கைக்குப் போனது. வாட்டும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போனார்.

ஸ்மீட்டன் முட்டாள் இல்லை. அந்தக் காலத்து முறை அப்படி. நீளமான தண்டு ஒன்று, நுனியில் வெட்டும் தலை. தண்டுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம், மறு நுனி சிலிண்டருக்குள் முருங்கைக்காய்போலத் தொங்கும். தொங்கினால் கீழ்ப்பக்கத்தைத்தான் அதிகம் அரிக்கும். சரி என்று நுனிக்கு அடியில் சின்ன வண்டி ஒன்றைக் கொடுத்தார்கள். வண்டி எதன்மேல் ஓடும்? வார்ப்பில் வந்த அதே கோணல் சுவர்மேல்தான். பழைய தடத்தில் விழுந்த மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி, ஏற்கெனவே இருந்த கோணலையே அது பத்திரமாக நகலெடுத்துக் கொடுத்தது. கோணல் வழவழப்பாயிற்று, அவ்வளவுதான்.

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறார். ஜான் வில்கின்சன். 1728-ல் பிறந்தவர், அப்பாவும் இரும்புக்காரர். ஊர் வைத்த பெயர் ‘இரும்புப் பைத்தியம்’. வேல்ஸில் ரெக்ஸம் பக்கத்தில் பெர்ஷம் என்ற இடத்தில் ஆலை. முக்கிய வியாபாரம் பீரங்கி.

அன்றைய பீரங்கி எதிரியைவிடச் சொந்தக்காரனை அதிகம் பயமுறுத்தியது. நடுவில் களிமண் கருவை நிறுத்தி, சுற்றி உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றும்போது கரு கொஞ்சம் நகரும். ஒரு பக்கச் சுவர் கனமாகவும் மறுபக்கம் மெலிசாகவும் வரும். மெலிசுப் பக்கம் நிற்பவனுக்கு அன்று ராகுகாலம். சுவிட்சர்லாந்துக்காரர் மாரிட்ஸ் என்பவர், முழுக்கட்டியாக வார்த்துவிட்டுப் பிறகு குடையலாமே என்று அந்த நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே செய்துகாட்டினார். வில்கின்சன் அந்த வித்தையை இரும்புக்குக் கொண்டுவந்தார். பீரங்கி சுழலும், வெட்டும் தண்டு சுழலாமல் உள்ளே நகரும். 1774-ல் காப்புரிமையும் வாங்கினார். ஒருத்தனே எல்லாப் பீரங்கியையும் குடைவதா என்று அரசுத் தரப்பு சண்டைக்கு வந்து, 1779-ல் அதைப் பிடுங்கிப்போட்டது.

பீரங்கி ஒரு பக்கம் மூடியிருக்கும், வாட்டுக்கு வேண்டிய சிலிண்டர் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். மனுஷன் இதைக் கவனித்தார். கேட்டால் ‘இதென்ன பிரமாதம்’ என்று தோன்றும், ஆனால் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. தடியான தண்டு ஒன்றைச் சிலிண்டருக்குள் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். இரண்டு முனைக்கும் தாங்கி. பல்லக்குத் தண்டை ஒரே ஆள் தூக்கினால் ஆடத்தான் செய்யும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்றால் ராணி தூங்கிக்கொண்டே போகலாம். சிலிண்டர் அசையாமல் கிடக்கும், தண்டு சுழலும், வெட்டும் தலை தண்டின்மேல் மெல்ல நகர்ந்துபோகும். இப்போது தலைக்கு வழிகாட்டுவது தண்டு. சிலிண்டர் சுவர் எந்தக் கோணலில் இருந்தாலும் அதன் பேச்சு எடுபடாது. சுற்றுவதற்குத் தண்ணீர்ச் சக்கரம்.

போல்டன் ஆச்சரியப்பட்டுப் போனார். டிப்டன் நிலக்கரிச் சுரங்கத்துக்கான 50 அங்குலச் சிலிண்டரில் எங்கேயும் ஒரு பழைய ஷில்லிங் கனத்துக்குக்கூடப் பிழையில்லை என்று எழுதினார். வாட் அதற்கும் மேலே போய், 72 அங்குலச் சிலிண்டர் என்றாலும் மெல்லிய ஆறு பென்னிக் காசு கனத்தைத் தாண்டாது என்று வாக்கே கொடுத்தார். வெள்ளைக்காரன் துல்லியத்தைக்கூடக் காசால்தான் அளந்திருக்கிறான் பாருங்கள். இன்று லேத் பட்டறையில் பைக் சிலிண்டரை ‘போர்’ பண்ணும் டர்னர், டயல் கேஜை உள்ளே விட்டு, முள் இரண்டு தவு ஆடினால் உதட்டைப் பிதுக்குவார். ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வாட் அந்தப் பட்டறைக்கு வந்தால் தொப்பியைக் கழற்றுவார், இந்த முறை மரியாதைக்காக.

இந்தச் சிலிண்டர் எந்திரத்துக்கு வில்கின்சன் காப்புரிமை வாங்கவில்லை. பதிவு செய்தது பறிபோனது. பதிவு செய்யாதது உலகத்தை மாற்றியது. அதோடு சுமார் 20 வருஷம் போல்டன்–வாட் இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் சிலிண்டர் கொடுத்தவர் அவர்தான். வாட்டின் இன்ஜினைத் தம் உலைக்குக் காற்றூத வாங்கிய முதல் வாடிக்கையாளர்களில் ஒருவரும் அவரே. பிறகு ஒருநாள் தம்பி வில்லியமோடு தகராறு. தம்பி நேரே வாட்டிடம் போய், ‘அண்ணன் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் இன்ஜினையே செய்துகொண்டிருக்கிறான், ராயல்டி கட்டாமல்’ என்று போட்டுக்கொடுத்துவிட்டார். பங்காளிச் சண்டைக்கு தேசம் ஏது!

துளை குடைந்ததில் உபரி லாபமும் உண்டு. மியூனிக் ஆயுதசாலையில் ரம்ஃபோர்ட் பிரபு பீரங்கி குடைவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பிறந்து, புரட்சியில் ராஜா பக்கம் நின்று, ஊரைவிட்டு ஓடி, ஜெர்மனியில் பிரபுவான ஆசாமி. குடையும்போது உலோகம் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று யோசித்தார். வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவம் என்பது பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே முதலானவர்களின் கட்சி. ரம்ஃபோர்ட் வேண்டுமென்றே மொக்கை வெட்டியை மாட்டி, சுற்றிலும் தண்ணீர்ப் பெட்டி வைத்து, குதிரையைப் பூட்டிச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டேயிருந்தால் அது எப்படித் திரவமாகும் என்று 1798-ல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார். லவாய்சியே கொள்கைக்குக் குழி தோண்டியவர், கில்லட்டினில் தலை போன அந்த லவாய்சியேயின் விதவையை 1805-ல் கல்யாணமும் செய்துகொண்டார். சரிப்படவில்லை. ஒரு தடவை அம்மையாரின் விருந்தாளிகளை உள்ளே விடாமல் கேட்டைப் பூட்டினார். அம்மையார் அவர் ஆசையாக வளர்த்த பூச்செடிகள் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினார். அந்த வெந்நீர் அடுப்பில் வைத்ததுதான், குதிரை தேவைப்படவில்லை.

வில்கின்சனின் பல்லக்குத் தண்டுக்கு இன்று பேரன் பேத்திகள் நிறைய. டர்பைன் உறை, கப்பல் இன்ஜின் என்று யானை சைஸ் ஜாப் வந்தால் அதைச் சுழற்றவா முடியும்? ஜாபைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, மாடி உயரத் தூண் தண்டவாளத்தில் நகர்ந்து வந்து குடையும். படுக்கை இத்தனை மீட்டர், தூண் இத்தனை உயரம் என்று டெய்லரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல ஆர்டர் கொடுத்து அந்த எந்திரத்தைச் செய்வார்கள்.

வில்கின்சனின் இரும்புப் பைத்தியம் சிலிண்டரோடு நிற்கவில்லை. 1779-ல் செவர்ன் நதியில் கட்டிய இரும்புப் பாலத்துக்கு ஆதரவு. 1787-ல் இரும்புப் படகு. இரும்பு மிதக்குமா என்று ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் சந்தேகப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மிதந்தது. தொழிலாளிக்குக் கூலி கொடுக்கத் தம் சொந்தச் செப்புக்காசு. ராஜா தலை இருக்க வேண்டிய இடத்தில் தம் தலை. எழுபது வயதுக்கு மேல் கல்யாணத்துக்கு வெளியே மூன்று பிள்ளைகள். அதை இரும்பில் சேர்ப்பதா என்பது அவரவர் விருப்பம்.

உச்சம் சவப்பெட்டிதான். தமக்கு ஒன்று இரும்பில் முன்கூட்டியே வார்த்து வைத்திருந்தார்; நண்பர்களுக்கும் ஆளுக்கொன்று தர ஆசைப்படுவார் என்பார்கள். மொய் எழுதினால் பதில் மொய் எப்படி வைப்பது!

1808 ஜூலை 14-ல் செத்துப்போனார். தம் கேசில்ஹெட் வீட்டுத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்பது உத்தரவு. உடலை வைத்திருந்த பெட்டி, ஆசையாக வார்த்த இரும்புப் பெட்டிக்குள் போகவில்லை. அளவு தப்பு! 72 அங்குலத்தில் காசு கனம் பிழை விடாத மனிதருக்கு, ஆறடியில் பிழை. தற்காலிகமாகப் புதைத்துவிட்டுப் பெரிய பெட்டி வார்த்து, மறுபடி தோண்டினார்கள். அடியில் பாறை, குழி ஆழம் போதவில்லை. மறுபடி எடுத்து, பாறையை உடைத்து, மறுபடி இறக்கினார்கள். மேலே சுமார் 20 டன் இரும்புத் தூண்.

செத்த ஏழாம் வருஷம் ஐயா குதிரையில் ஏறித் தம் உலைகளைப் பார்க்க வருவார் என்று தொழிலாளிகளிடையே வதந்தி. 1815-ல் ஆலைப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிக் காத்திருந்ததாகச் சொல்வார்கள். வரவில்லை.

1828-ல் வீடு விலைபோனது. ஜன்னலைத் திறந்தால் கல்லறை தெரிவது புது சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் எழுந்தார் வில்கின்சன். 13 வருஷம் லேட், குதிரையும் இல்லை, பெட்டியோடு லிண்டேல் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.