ஆறு மாட்டுக்கு ஒரு ஆகாயக் கப்பல்

போலீசுக்குப் பெரிய ஆளில்லா விமானம் வாங்கிக் கொடுத்துட்டா ஒரு களவாணியும் தப்ப மாட்டான்னு நேத்துத் திண்ணையில உட்கார்ந்து அளந்தியே பேராண்டி, கேட்கக் கேட்கப் புல்லரிச்சுப் போச்சுப்பா. தாராளமா வாங்கு. ஆனா உனக்கு முன்னாடியே அமெரிக்காக்காரன் இதுல கைவெச்சிட்டான். அவன் பட்டதையும் கொஞ்சம் காதுல போட்டுக்க.

2011 ஜூன்ல, வடக்கு டகோட்டாவுல நெல்சன்னு ஒரு மாவட்டம். அடுத்தவன் மாடு ஆறு வழிதவறி ஒரு விவசாயி நிலத்துக்குள்ள வந்துடுச்சு. தர முடியாதுன்னுட்டான். வாரண்டோட போன ஷெரிப்பைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டிவிட்டாங்க. அவர் எல்லைக் காவல்காரங்களைக் கூப்பிட்டார். கிராண்ட் ஃபோர்க்ஸ் தளத்துலயிருந்து பிரிடேட்டர் பிங்கிற அவங்க ஆளில்லா விமானம் வந்து ரெண்டு மைல் உசரத்துல வட்டம் போட்டுச்சு. கீழே இருக்கிறவங்க கையில ஆயுதம் இல்லைன்னு அது காட்டிக்கொடுத்ததும் போலீஸ் உள்ளே பாய்ஞ்சு பிடிச்சுது. ஒரு குண்டு வெடிக்கல. சபாஷ்! ஆனா அது இரவல் விமானம்டா. இரவல்ல எல்லாமே மலிவுதான்.

சொந்தமா வெச்சிருந்தவன் கதையைக் கேளு. அந்த விமானத்துக்குச் சொந்தக்காரங்களான சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை ஒரு மணி நேரம் பறக்க 2,468 டாலர்தான்னு கணக்குச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. 2014 டிசம்பர்ல தலைமை ஆய்வாளர் அலுவலகம் நோட்டைப் புரட்டி, விட்டுப்போன சம்பளம், தளவாடம், நிர்வாகம் எல்லாத்தையும் கூட்டினா, 12,255 டாலர்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பறக்கணும்னு திட்டம் போட்ட நேரத்துல 22 சதவீதம்தான் பறந்திருக்கு. மிச்ச நேரமெல்லாம் கொட்டகையில நல்ல ஓய்வு.

மேலே ஆள் இல்லையேன்னு நீ சந்தோஷப்படுற. கீழே ஓட்ட ஒருத்தர், கேமரா பார்க்க ஒருத்தர், பழுது பார்க்க ஒரு கூட்டம். 2006 ஏப்ரல்ல அரிசோனாவுல நொகாலஸ் பக்கம், இதே ரக விமானத்தைத் தரையில இருந்து ஒருத்தர் ஓட்டிக்கிட்டிருந்த கட்டுப்பாட்டு மேசை உறைஞ்சு போச்சு. அவர் பக்கத்து மேசைக்கு மாறினார். அங்கே கேமராக் கண்ணைச் சுருக்கி விரிக்கிற நெம்புகோல்தான், ஓட்டுற பொறுப்பு அந்த மேசைக்கு மாறினதும் எரிபொருளை அடைக்கிற நெம்புகோல். அதைச் சரியான இடத்துக்கு நகர்த்தாமலே மாறிட்டார். என்ஜின் நின்னுச்சு, விமானம் கீழே வந்துடுச்சு. ஆளில்லாத காட்டுப்பக்கமா விழுந்ததால ஒருத்தருக்கும் காயமில்லை. நீ ஊருக்கு நடுவுல பறக்கவிடப் போற. அதையும் யோசிச்சிருப்பே, கெட்டிக்காரன்!

அந்த பிரிடேட்டருக்கு றெக்கையே 66 அடி. ஏறி இறங்க ஓடுபாதை வேணும், நகரத்து வானத்துல மத்த விமானங்களுக்கு ஊடாப் போக அனுமதி வேணும். ஹெலிகாப்டரும் செலவுதான், ஆனா தண்ணியில சிக்கினவனைத் தூக்கணும்னா அதுவாவது கயிறு விடும். அவசரத்துக்கு ஓடிப்போய்ப் பார்க்கணும்னா, கலிபோர்னியா சூலா விஸ்டா போலீஸ் 2018ல இருந்து மொட்டை மாடியிலயிருந்து கிளப்புற குட்டி ட்ரோன் போதுமே. ஆனா அதை வாங்கினா திறப்பு விழாவுக்கு மந்திரி வரமாட்டார், அந்தக் குறை ஒண்ணு இருக்கு.

இவ்வளவுக்கும் மேல வாங்கித்தான் தீருவேன்னா தடுக்க நான் யாரு? விலைச்சீட்டோட வர்றவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: “மணிக்கணக்குச் செலவுல ஓட்டுறவன் சம்பளம் சேர்ந்திருக்கா தம்பி?” இருமுவான். மோர் கொடுத்து, மரியாதையா பஸ் ஏத்தி விட்டுடு.