புளி போட்ட பதக்கம்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் பழைய வெண்கலப் பதக்கத்துக்கு எதிரிகள் இரண்டு: உப்புக்காற்று, உடையவரின் சுத்த உணர்வு. முன்னதற்கு ஆண்டுகள் வேண்டும். பின்னதற்குப் புளியும் சாம்பலும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

பழுப்புப் படலம் அழுக்கன்று, கவசம். அதைத் தேய்த்தால் முதலில் பதக்கத்தில் பொறித்த அரசரின் மூக்கு மழுங்கும், பிறகு எழுத்து. பளபளப்பு மிஞ்சும்.

உண்மையான நோய் வெளிர்பச்சைத் தூள்: குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பது. காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, வல்லுநர் கையால் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் ஏற்றி, மெழுகு பூசி, சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் மூடுவதே மருந்து.

இதே திருகோணமலையில் 1950இல் கிணறு வெட்டியபோது கோணேசர் கோயிலின் வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. போர்த்துக்கீசர் கோயிலை இடித்து முந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது. மண்ணுக்குள் அவற்றைத் துலக்க யாரும் வரவில்லை.