பதவியா, பதக்கமா?

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். தேசிய நல்லாசிரியர் விருதுக்கு நானே விண்ணப்பிக்கலாமாம். என்னை நானே புகழ்ந்து எழுத வெட்கமாக இருக்கிறதே? (ஒரு தமிழ்ப் பேராசிரியர், ஷிப்பூர், ஹவுரா)

பதவி உயர்வுக்கு எழுதும்போது வராத வெட்கமா? 1958 முதல் பள்ளி ஆசிரியர்களுக்கே தந்துகொண்டிருந்தார்கள். 2023-ல்தான் கல்லூரிக்காரர்களுக்கும் கதவு திறந்தது. சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். வெட்கத்துக்குத் தனிப் பரிசு கிடையாது.

அடுத்த வருஷம் முதல்வர் ஆகிவிடுவேன் போலிருக்கிறது. அப்போது விண்ணப்பித்தால் கூடுதல் மரியாதைதானே?

விண்ணப்பமே செல்லாது! துணைவேந்தர், இயக்குநர், முதல்வர் நாற்காலியில் இருப்பவர்களுக்கு அனுமதியில்லை; 55 வயதைத் தாண்டியவர்களுக்கும் இல்லை. பதவியா, பதக்கமா, வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் நியாயமான விதிதான். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவருக்குச் சாக்பீஸ் பிடிக்க நேரம் ஏது?

ராதாகிருஷ்ணன் எந்த விருதுக்கு விண்ணப்பித்தார்? அவர் பிறந்தநாளில்தானே இதைக் கொடுக்கிறார்கள்?

1921-ல் அவர் உங்கள் பக்கம், கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளம்பினார். மைசூர் மகாராஜா கல்லூரி மாணவர்கள் வண்டிக்குப் பூ ஜோடித்து, குதிரைக்குப் பதிலாகத் தாங்களே ரயிலடிவரை இழுத்துப் போனார்கள். எந்தப் போர்ட்டலிலும் அதைப் பதிவேற்ற முடியாது. உங்கள் மாணவர்கள் உங்களை ஹவுரா ஸ்டேஷனுக்கு டோட்டோ மின்ரிக்ஷாவில் ஏற்றிவிட்டு, காசையும் அவர்களே கொடுத்தால் தைரியமாக விண்ணப்பியுங்கள்.