எனக்குத் திறக்கிறதே!

மின்னஞ்சலில் வந்த இணைப்பு அலங்கோலமாகத் திறக்கிறது என்றால் அனுப்பியவரின் முதல் பதில், "எனக்கு நன்றாகத் திறக்கிறதே!" திறக்கத்தான் செய்யும், அவர் பார்ப்பது பயணமே கிளம்பாத மூலக்கோப்பை அல்லவா? அடுத்த பதில், "மறுபடி அனுப்புகிறேன்." அதே மென்பொருள், அதே அமைப்பு, அதே குப்பை புதிய தேதியோடு வந்துசேரும்.

கோளாறுக்கு வரலாறு உண்டு. மின்னஞ்சலைச் சுமக்கும் 1982-இன் எஸ்எம்டிபி நெறிமுறை 7 பிட் எழுத்துகளைச் சுமக்க மட்டுமே பிறந்தது. படங்களை அதில் ஏற்ற யூனிக்ஸ்காரர்கள் யூயூஎன்கோடு என்ற குறிமுறையில் எழுத்துகளாக்கி மூட்டை கட்டினார்கள், மேக்கின்டாஷ்காரர்கள் பின்ஹெக்ஸ் என்ற குறிமுறையில். ஒருவர் முடிச்சு மற்றவருக்கு அவிழாது. 1992-இல் இணைப்புகளுக்குப் பொதுவான மைம் தரநிலை வந்து எல்லாம் தீர்ந்துவிட்டதே என்பீர்கள். தீர்ந்தது, அதை மதித்தவர்களுக்கு. அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வடிவைத் தேர்ந்தால், அது இணைப்புகளை டிஎன்இஎஃப் என்ற சொந்த வடிவில் பொதிந்து, 'வின்மெயில்.டாட்' என்று பெயர் சூட்டி ஊருக்கெல்லாம் அனுப்பிவைப்பதுண்டு. வேறு மென்பொருள்காரர் விழிப்பார். பிரித்தெடுக்கும் நிரலை அவரே இறக்கிக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். இறக்கலாம்தான், ஆனால் ஒருவர் செய்த கோளாறுக்கு நூறு பேர் மருந்து தேடுவது என்ன கணக்கு? அனுப்புகிறவரே, வடிவத்தை எச்டிஎம்எல் என்றோ வெற்று உரை என்றோ மாற்றுங்கள். மறுபடி அனுப்புவதெல்லாம் அதற்கப்புறம்.