செவ்வாய்க்கிழமை, மூன்று மணி, ராகு காலம்

மெல்பேர்ன்,
நவம்பர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸப்பில் எழுதாமல் தபாலில் எழுதுவதன் காரணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் போனை முதலில் திறந்து பார்ப்பது யார் என்பது சைதாப்பேட்டைக்கே தெரிந்த விஷயம்.

செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசாங்கம் சீல் வைத்துவிட்டதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஓரத்தில் கறுப்பு மை தடவாததுதான் குறை. அப்படி ஒரு துக்கம். 160 ஏக்கர் நிலம், வெள்ளைக்காரன் காலத்துக் குத்தகை, கோடிக்கணக்கில் வாடகைப் பாக்கி. நீங்கள் இத்தனை வருஷம் அங்கே கொட்டியதைச் சேர்த்து வைத்திருந்தால் அந்தப் பாக்கியை நீங்களே அடைத்திருக்கலாம் என்று சித்தி சொன்னதையும் நேர்மையாக எழுதியிருந்தீர்கள். எனக்கென்னவோ சித்தி கணக்கில் புலி என்றே படுகிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டதும், வழக்கு நடந்து நடந்து 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ‘இதில் மேலோங்கி நிற்பது திறமை, அதிர்ஷ்டம் அல்ல’ என்று தீர்ப்பளித்ததும் எனக்கு மனப்பாடம். அந்தப் பேப்பர் கட்டிங்கை லேமினேட் செய்து, பீரோவில் எல்ஐசி பத்திரத்தோடு வைத்து, சித்தி கேள்வி கேட்கும் போதெல்லாம் எடுத்து நீட்டுவீர்களே! அந்தத் தீர்ப்பு பூமியின் இந்தப் பாதியிலும் செல்லுமா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை இங்கே மெல்பேர்ன் கப். 1861-லிருந்து ஓடுகிறார்கள். குதிரை ஓடுவதற்காக நகரத்துக்கே அரசு விடுமுறை. பொங்கல், தீபாவளி மாதிரி காலண்டரில் சிவப்பு மையில் போட்டிருக்கும். நீங்கள் கிண்டிக்குப் போக எத்தனை பாட்டிகளைச் சாகடித்து லீவு எடுத்திருப்பீர்கள். இங்கே ஒரு பாட்டிக்கும் சேதமில்லை.

3200 மீட்டர். அதிகபட்சம் 24 குதிரை. பரிசுத்தொகை 80 லட்சம் டாலருக்கு மேல். ரேஸ் புறப்படும் நேரம் மதியம் மூன்று மணி.

இதை யாழ்ப்பாணத்து அண்ணரிடம் சொன்னபோதுதான் முதல் அபசகுனம். எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்காளர், பொழுதுபோக்குக்குப் பஞ்சாங்கம். ‘செவ்வாய்க்கிழமை மூண்டு மணியோ? மூண்டிலிருந்து நாலரை ராகு காலமெல்லோ!’ என்று நெற்றியைச் சுருக்கினார். யோசித்துப் பாருங்கள் சித்தப்பா. ஒரு தேசமே வேலையை நிறுத்திவிட்டு, வருஷத்தின் ஆகப் பெரிய பந்தயத்தை, கச்சிதமாக ராகு காலத்தில் ஓட்டுகிறது.

ஆனாலும் அண்ணருக்கு ஆசை விடவில்லை. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் வந்து தீர்ப்புச் சொன்னார். ‘தம்பி, இஞ்சை கோடைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். சூரியக் கணக்குக்கு அது ரெண்டு மணிதான். ராகு இன்னும் வரேல்லை. நாங்கள் போகலாம்.’

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக் கிரேக்கத் தாத்தா. இவர்தான் உங்கள் ஜாதி. காதிடுக்கில் பென்சில், கையில் நாலாக மடித்த பேப்பர், எந்தக் குதிரை எந்த ஊரில் எத்தனை கிலோ சுமந்து எத்தனையாவதாக வந்தது என்பதெல்லாம் விரல் நுனியில். வீட்டுப் பின்புறம் இவர் வளர்க்கும் எலுமிச்சை மரத்தின் பாதி எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த வழியில்தான் எங்கள் நட்பும் வளர்ந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் ஒவ்வொரு ஆபீஸிலும் ‘ஸ்வீப்’ என்று ஒரு குலுக்கல் நடக்கும். குதிரைகளின் பெயரைச் சீட்டெழுதித் தொப்பியில் போட்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். உங்கள் மருமகள் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்திலும் நடந்தது. சீட்டு ஐந்து டாலர். முதலில் வரும் குதிரைக்கு 70 டாலர், அடுத்த இரண்டுக்கும் ஏதோ கொஞ்சம், கடைசியில் வரும் குதிரைக்குப் போட்ட ஐந்து டாலர் வாபஸ். கடைசிக் குதிரைக்கும் மரியாதை செய்யும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. கிண்டியில் இருந்திருந்தால் நீங்கள் பங்களா கட்டியிருப்பீர்கள். இவள் எடுத்த சீட்டில் ‘நைட்ஸ் சாய்ஸ்’ என்று இருந்தது. ‘நல்ல குதிரையா?’ என்று கேட்டாளாம். ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் பேசுவதுபோல் எல்லாரும் தணிந்த குரலில் ஆறுதல் சொன்னார்களாம்.

செவ்வாய் காலை அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். செவ்வாய், ராகு காலம், துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு: ஊர் மாறினாலும் அது மாறவில்லை. அண்ணர், தாத்தா, நான் மூவரும் பந்தயம் நடக்கும் ஃபிளெமிங்டனுக்கு.

ரேஸ் கோர்ஸுக்குள்ளேயே ரயில் நிலையம் வைத்திருக்கிறார்கள். ரயிலில் நான் பார்த்த தொப்பிகளை எப்படிச் சொல்ல! ஒரு அம்மையார் தலையில் ஒரு முழு மயில். இன்னொருத்தர் தலையில் பெரிய தட்டு, தட்டின்மேல் ரோஜாத் தோட்டம். 1962 முதல் உடை அலங்காரத்துக்கென்றே தனிப் போட்டியும் நடக்கிறது. 1965-ல் லண்டனிலிருந்து வந்த ஜீன் ஷ்ரிம்ப்டன் என்ற மாடல் அழகி, தொப்பியில்லை, கையுறை இல்லை, காலுறை இல்லை, முழங்காலுக்கு மேல் பாவாடை என்று வந்து நின்றதில் குதிரைகளைப் பற்றிய செய்தியே எடுபடாமல் போனதாம். சாயங்காலம் திரும்பும்போது இதே சீமாட்டிகள் குதிகால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ரயிலேறுவது தனிக் காட்சி.

வாசலில் கறுப்பு உடையில் சிலர் அட்டை பிடித்து நின்றார்கள். குதிரைகளைச் சாகடிக்காதே என்று. சும்மா சொல்லவில்லை. 2014-ல் எல்லோரும் பணம் கட்டிய ஜப்பான் குதிரை அட்மைர் ராக்தி கடைசியாக வந்து, லாயத்துக்குத் திரும்பியதும் விழுந்து செத்தது. தாத்தா அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். அண்ணர் மட்டும் நின்று ஒரு துண்டுப் பிரசுரம் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மூவரும் உள்ளே போனோம்; அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது பாதிப் பேர் போனிலேயே கட்டுகிறார்கள். அந்த விளம்பரங்களை நீங்கள் கேட்க வேண்டும். அரை நிமிடம் வாத்தியம், கூச்சல், ‘கட்டுங்கள், கட்டுங்கள்!’ முடிவில் ஒரு சாந்தமான குரல்: ‘பெரும்பாலும் நீங்கள் தோற்கத்தான் போகிறீர்கள்.’ 2023-லிருந்து இப்படி ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று அரசு உத்தரவு. சொல்லித்தான் என்ன? ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் உலகத்திலேயே சூதாட்டத்தில் அதிகம் தோற்கிற ஜனங்கள் இவர்கள்தான். சித்தியின் குரலைப் பதிவுசெய்து கொடுத்தால் ஒருவேளை பலன் இருக்கலாம்.

பந்தயப் பணம் கட்டும் டோட் கவுண்டர் வரிசையில் நின்றபோது தாத்தா சொன்ன கதை ஒன்று. டோட் கணக்குப் போடும் எந்திரத்தை உருவாக்கியவர் ஜார்ஜ் ஜூலியஸ் என்ற எஞ்சினியர். அவர் முதலில் செய்தது தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்கு. அரசாங்கம் வேண்டாம் என்றுவிட்டது. மனிதர் அசரவில்லை, அதையே மாற்றிப் பந்தயப் பணம் எண்ணும் எந்திரமாக்கி, 1913-ல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் நிறுவிவிட்டார். இதில் விசேஷம், அவருடைய அப்பா நியூசிலாந்தில் பிஷப். நம் குடும்பத்தில் பந்தயம் கட்டினவரை மட்டும்தான் திட்டுகிறோம். அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள்?

சரி, திறமைக்கு வருகிறேன். தாத்தா வாபன் என்ற அயர்லாந்துக் குதிரையில் முதலிடத்துக்கு வின், முதல் மூன்றுக்குள் வந்தால் பிளேஸ் என்று இரண்டும் சேர்த்துக் கட்டினார். அதன் வம்சம், பயிற்சி, தரையின் ஈரம் என்று அவர் சொன்ன காரணங்களை எழுதினால் தபால் செலவு கூடும். நான் பேப்பர்கள் தூக்கி வைத்து எழுதிய பக்கரூவில் இருபது டாலர். அண்ணர் சூரியக் கணக்கின்படி ஜப்பான் குதிரை வார்ப் ஸ்பீட், வின் மட்டும். ‘பிளேஸ் எண்டால் நம்பிக்கையில்லை எண்டு அர்த்தம்’ என்றார்.

இந்தப் பந்தயத்தில் நல்ல குதிரைக்கு எடையை ஏற்றிவிடுவார்கள், தெரியுமல்லவா? ஃபார் லாப் என்ற மகா குதிரை 1930-ல் ஜெயித்தது. பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில் யாரோ அதைச் சுடப் பார்த்தார்கள்; அது அன்று மதியமே ஒரு ரேஸை ஜெயித்துவிட்டு, செவ்வாயன்று கப்பையும் அடித்தது. அடுத்த வருஷம் 68 கிலோ ஏற்றினார்கள்; எட்டாவதாக வந்தது. 1932-ல் அமெரிக்காவில் செத்தபின், தோலைப் பாடம் செய்து மெல்பேர்ன் மியூசியத்திலும், எலும்புக்கூட்டை வெலிங்டனிலும், இதயத்தைக் கான்பெராவிலும் வைத்திருக்கிறார்கள். காசி, ராமேஸ்வரம், திருவையாறு என்று அஸ்தியைப் பிரித்துக் கரைக்கிற நமக்கே இது கொஞ்சம் அதிகம்தான்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. ஓட்டம் மூன்று நிமிடம் சொச்சம். அதில் இரண்டரை நிமிடம் ஒன்றும் புரியாது. தூரத்தில் வண்ணச் சட்டைகள் கும்பலாக நகரும், ஒலிபெருக்கி மூச்சுவிடாமல் பேசும். கடைசி நேர்ப்பாதைக்கு வந்ததும் பக்கத்திலிருந்த கோட்டு சூட்டுக் கனவான்கள் எல்லாம் கிண்டி இரண்டாம் கிளாஸ் ஆகிவிட்டார்கள். ‘வார்ப் ஸ்பீட்! வார்ப் ஸ்பீட்!’ அண்ணர் பஞ்சாங்கத்தால் என் தோளில் அடித்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே அது முன்னால் பாய்ந்து வந்தது. கூடவே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு குதிரை.

போட்டோ பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மூக்கு வித்தியாசம். ஜெயித்தது நைட்ஸ் சாய்ஸ். ஒன்றுக்குத் தொண்ணூறு!

மைதானத்தில் ஆரவாரமே எழவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டி, இது எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவர் ராபி டோலன், அயர்லாந்துக்காரர். டிவி பாட்டுப் போட்டியில் பாடியவராம். குதிரையைப் பழக்கிய இருவரில் ஒருவர் ஷீலா லாக்ஸன். 2001-ல் எதீரியல் ஜெயித்தபோதும் பழக்கியவர் இந்த அம்மாள்தான். 2015-ல் ஒன்றுக்கு நூறில் நின்ற குதிரையை மிஷெல் பெய்ன் ஓட்டி ஜெயித்தார். கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கி. திறமை இருக்கிறது சித்தப்பா, மறுக்கவில்லை. அது குதிரையிடமும் பழக்குகிறவரிடமும் ஓட்டுகிறவரிடமும் இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா என்பதில்தான் உச்ச நீதிமன்றத்தோடு எனக்குச் சின்ன கருத்து வேற்றுமை.

வாபனும் பக்கரூவும் முதல் நாலில் இல்லை. தாத்தா பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்கு மாற்றினார். இதுதான் அவர் துக்கம் அனுஷ்டிக்கும் முறை. அண்ணர்தான் ஆறவில்லை. ரயிலில் பாதி வழி பேசாமல் வந்தவர் திடீரென்று, ‘ராகு சூரியக் கணக்குப் பாக்கிறதில்லைத் தம்பி. அரசாங்க மணிக்கூட்டைத்தான் பாக்கிறார்’ என்றார். ராகு விழுங்கியது சரியாக ஒரு மூக்கை மட்டும்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் மருமகள் ஒன்றும் தெரியாமல் புளியோதரைப் பிரசாதம் பிரித்துக்கொண்டிருந்தாள். யார் ஜெயித்தது என்றாள். சொன்னேன். ‘அட, என் சீட்டு!’ என்றாள். எழுபது டாலர். கணக்குப் பார்த்தால் அந்த நைட்ஸ் சாய்ஸ் நேர்ப்பாதைக்குள் நுழைந்த நேரமும் அவள் விளக்கேற்றிய நேரமும் அநேகமாக ஒன்று.

அப்போதுதான் தாத்தா வேலிப் பக்கம் வந்தார். விவரம் கேட்டார். விளக்கு எதில் ஏற்றுவீர்கள் என்று கேட்டார். இவளும் வெள்ளந்தியாக, எலுமிச்சம்பழ மூடியில், உங்கள் மரத்துப் பழம்தான் என்று சொல்லிவிட்டாள். உடனே பென்சில் காதுக்குத் திரும்பிவிட்டது. பழம் தன்னுடையது, எனவே தனக்கு இருபது சதவீதம் என்கிறார். ராகு காலத்தை முதலில் கண்டுபிடித்தது தான்தான், தனக்கும் பங்கு வேண்டும் என்று அண்ணர் நேற்று ராத்திரி போன் செய்தார். உங்கள் மருமகள் இருவருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் புளியோதரை அனுப்பியிருக்கிறாள். தாத்தா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கோரிக்கையை இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்