கிணற்றில் விழுந்த கணினி

தென்காசிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். வில்லங்கம் என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வாயால் சொல்லிவிடுவேன். எல்லாம் அடுத்தவர் சொத்தின் வில்லங்கம். போன மாதம் அது என் மேசைக்கே வந்து உட்கார்ந்தது.

கொண்டுவந்தவர் ஒரு அண்ணாச்சி. எழுபது வயதிருக்கும். கையில் மஞ்சப்பை.

"தம்பி, 2012-ல எங்க பாகப்பிரிவினைக்கு ஒரு டிராப்ட் அடிச்சீங்கள்லா? அன்னைக்கு எங்க சின்னவன் கையெழுத்துப் போட வரமாட்டேன்னுட்டான். இப்ப வாரேங்கான். மனசு மாறதுக்குள்ள எடுங்க."

பதிவான பத்திரம் என்றால் எதிரே ஒரு மனுப் போட்டு நகல் வாங்கிவிடலாம். பதிவாகாமலே நின்றுபோனதற்கு என் கணினியை விட்டால் வேறு கதி கிடையாது. அதில் 3,800 கோப்புகள். பெயர்களைச் சொன்னால் வெட்கக்கேடு: 'புதுசு', 'புதுசு1', 'பைனல்', 'பைனல் கரெக்ஷன்', 'அவசரம்', 'மாமா'. யாருடைய மாமா என்பது எனக்கே மறந்துவிட்டது.

"அதுல என்ன எழுதியிருந்தோம், ஏதாவது நினைவிருக்கா அண்ணாச்சி?"

"கிணறு. கிணத்துத் தண்ணி முறைக்குத்தானே சண்டையே."

கோப்பின் பெயரைத் தேடுவது, கட்டுகளின் மேலட்டையைப் பார்த்துக்கொண்டே நடப்பது மாதிரி. கணினிக்கு நொடி வேலை. கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேடுவது அப்படியில்லை. ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, வாசித்து, மறுபடி கட்டிவைக்க வேண்டும். அதிலும் 2007-க்குப் பிறகு வந்த டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. மூட்டையைப் பிரித்து, உள்ளே இருக்கும் பல சீட்டுகளில் எழுத்து எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் அந்த அப்பாவி தேடல் ஜன்னல்தான் செய்கிறது.

'கிணறு' என்று அடித்தேன். பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்தது. முக்கால் தூரம் போனதும் நின்றது. ஜன்னல் வெளுத்தது. மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்'. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது.

மறுபடி அடித்தேன். மறுபடி அதே முக்கால், அதே வெளுப்பு.

மூன்றாவது தடவை மூடியபோது அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கிணத்துக்குள்ள விழுந்துட்டோ?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அணைத்துப் போட்டேன். கணினி வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் அதுதான். பலிக்காததால் சர்வீஸ் பையனைக் கூப்பிட்டேன். அவன் வந்து, மேசையைக்கூடத் தொடாமல், நின்றபடியே, "பார்மட் பண்ணிரலாம் சார்" என்றான். அவனிடம் விசைப்பலகையில் டீ கொட்டிவிட்டது என்று சொன்னாலும் பார்மட்தான். வீட்டில் எலித்தொல்லை என்றால் வீட்டை இடித்துவிடலாம் என்கிற சிகிச்சை. நான் மறுத்ததும், "அப்ப இண்டெக்ஸைப் புதுசாக் கட்டிப் பார்ப்போம்" என்றான். இண்டெக்ஸ் என்பது எந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கணினி முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளும் பேரேடு. ராத்திரி முழுக்கக் கட்டியது. காலையில் வந்து பார்த்தால் கட்டுமானம் அதே முக்காலில் நின்றிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறது என்றால் தேடுகிறவன்மேல் குற்றமில்லை. வழியில் ஏதோ ஒரு கல் கிடக்கிறது. 3,800-ல் எந்தக் கல்?

எனக்குக் கணினி தெரியாது, ஆனால் பாகம் பிரிக்கத் தெரியும். இரண்டு ஃபோல்டர் போட்டேன்: 'ஏ ஷெட்யூல்', 'பி ஷெட்யூல்'. மூலத்தைத் தொடாமல் நகலெடுத்து, ஆளுக்கு 1,900 கோப்பு. ஏ-யில் தேடினேன்; கடைசிவரை ஓடி, ஒன்றுமில்லை என்று மரியாதையாகச் சொன்னது. பி-யில் தேடினேன், பொத்தென்று விழுந்தது. சரி, வில்லங்கம் பி பாகத்தில். அதை மறுபடி இரண்டாகப் பிரித்தேன். 950. பிறகு 475. அண்ணாச்சிக்கு இது பிடித்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் "எந்தப் பங்குல?" என்று கேட்டார். 3,800 கோப்பானாலும் பன்னிரண்டாவது பிரிவினையில் குற்றவாளி தனியாக நிற்பான். கணக்கு அப்படி. இரண்டு பாகமும் விழுந்திருந்தால் இரண்டு வில்லங்கம் என்று அர்த்தம். அண்ணன் தம்பி இருவருமே கோர்ட்டுக்குப் போன கேஸ். நல்லவேளை, அப்படி ஆகவில்லை.

பன்னிரண்டாவது தடவை ஒரே ஒரு கோப்பு மிஞ்சியது. பெயர்: 'நம்ம வீடு கடைசி'.

என் வீடுதான். என் அக்காவிடமிருந்து எழுதி வாங்க வேண்டிய விடுதலைப் பத்திரம். நாலு வருடத்துக்கு முன் பென் டிரைவில் ஏற்றும்போது, அது முடியும்வரை பொறுக்காமல் உருவிக்கொண்டு ஓடினேன். அதைத்தான் பிற்பாடு கணினிக்குள் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. மூட்டையின் வாய்க்கட்டே இல்லாமல் பாதியில் அறுந்து கிடந்தது. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிறவன் சொந்தப் பத்திரத்தை வைத்திருக்கும் லட்சணம். "என்ன தம்பி, யாரு சொத்து?" என்றார் அண்ணாச்சி. "வேண்டாத சொத்து" என்று ஓரமாகத் தூக்கிப் போட்டேன்.

தேடல் இப்போது தங்கு தடையில்லாமல் கடைசிவரை ஓடியது. முடிவு: பூஜ்யம்.

3,800 பத்திரத்தில், அதுவும் எங்கள் ஊரில், ஒரு கிணறுகூட இல்லையா? சோதனைக்காக, எந்தக் கிரையப் பத்திரத்திலும் தவறாமல் வரும் 'புத்திர பௌத்திர'வில் ஒன்றை எடுத்து, 'பௌத்திர' என்று தேடினேன். கொஞ்சம்தான் வந்தது. அடித்துத் தரும் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால், "எனக்கு முன்னாடி இருந்தவங்க ஔகாரக் குறி போடமாட்டாங்க சார். ஒத்தைக் கொம்பும் ளகரமும் போட்டு 'பெளத்திர'ன்னு அடிப்பாங்க" என்றாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அது வேறு பேரன், இது வேறு பேரன்.

ஆனால் பழைய கோப்புகள் அந்த 'பெளத்திர'வுக்கும் அசையவில்லை. அவள்தான் காரணத்தையும் சொன்னாள். "அதெல்லாம் பாமினி சார்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "அந்தப் பாமினிப் பிள்ளை இப்ப எங்க இருக்கு? கூப்பிட்டுக் கேட்டா சொல்லிரும்லா?"

பாமினி ஒரு எழுத்துரு என்று அவருக்கு விளக்குவதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் வீட்டில் தமிழ் எழுத்தைக் குடிவைத்தவை. திரையில் தெரிவது 'தமிழ்'. கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு ஏற்பாடு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளும் கொண்டுவந்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது. எங்கள் வரிசைக் கடைகளுக்கு அந்தச் சேதி நடந்தே வந்திருக்க வேண்டும்; ஐந்தாறு வருடம் பிடித்தது. அதுவரை நான் தமிழில் எழுதியதாக நினைத்துக் காசு வாங்கிய பத்திரங்களில் கணினியைப் பொறுத்தவரை ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது.

"அப்ப கிணத்தை எப்படிச் சொல்லணும்?" என்றார் அண்ணாச்சி. நல்ல கேள்வி. அந்தப் பெண் பழைய விசைப்பலகைப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து உருவினாள். 'கி'க்கு எஃப், பி. 'ண'வுக்கு இசட். 'று'வுக்குப் பெரிய டபிள்யூ. சின்ன டபிள்யூ போட்டால் 'ற'. தேடலுக்குப் பெரியது சின்னது பேதம் கிடையாது என்பதால் 'கிணற்றில்', 'கிணற்றுக்கு' எல்லாம் சேர்ந்தே மாட்டும் என்றாள். யோசித்துப் பார்த்தால், கோப்பு யூனிகோடிலேயே இருந்திருந்தாலும் 'கிணறு' என்ற தேடலுக்கு 'கிணற்றில்' கிடைத்திருக்காது. பழைய திருட்டு ஏற்பாட்டில் இப்படியும் ஒரு நன்மை.

எஃப், பி, இசட், டபிள்யூ. தட்டினேன். பதினேழு கோப்பு வந்து விழுந்தது. ஒன்பதாவது அண்ணாச்சியுடையது, பெயர் 'அவசரம்2'. திறந்தால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல், நடுநடுவே அரைப்புள்ளி. மொத்தத்தையும் தேர்வு செய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினேன். நாலு பக்கமும் கண்ணெதிரே தமிழாகப் புரண்டது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான்கெல்லையை விரல் வைத்து வாசித்தார். வடக்கே ஓடை சரி. கிழக்கே பாதை சரி. கிணற்றில் சரிபாதியும் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரும் என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதை எடுத்துருங்க தம்பி."

"எதை?"

"கிணத்தை. அதைத் தூத்து மூணு வருஷமாச்சு. ஆளுக்கொரு போர் போட்டாச்சு. அதனாலதானே சின்னவன் கையெழுத்துக்கே சம்மதிக்கான்."

எடுத்தேன். மீதியை யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துப் பிழை பார்த்து, சேமிக்கப் போனேன். என்ன பெயர் வைக்க என்று கணினி கேட்டது. 'கிணறு' என்று அடித்தேன்.